கேட்டுச்சா... கேட்கலையா?

பி.எஸ்சி., நர்சிங் கடைசி செமஸ்டரா? இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021 பாடத்திட்டப்படி உங்களுக்கு இது இன்டர்ன்ஷிப் நேரம். வார்டில் மேடம் பக்கத்துலயே நின்னு கவனிப்பாங்க. பி.பி. பார்க்கச் சொன்னதும் கை உதறும். ஸ்டெதஸ்கோப்பில் சத்தமே கேட்காது. '120/80 மேடம்!'னு அடிச்சுவிடத் தோணுமே... வேண்டாம் ப்ளீஸ்! இரண்டு பேர் கேட்கிற டீச்சிங் ஸ்டெதஸ்கோப் என்றால் அங்கேயே மாட்டிக்குவீங்க. மாட்டலைன்னா இன்னும் மோசம். அந்தப் பொய் நம்பரை நம்பித்தான் கட்டிலில் இருக்கும் தாத்தாவுக்கு மாத்திரையே!

'கேட்கலை மேடம், இன்னொரு தடவை பார்க்கிறேன்'னு தைரியமா சொல்லுங்க. காற்றை முழுசா இறக்கிட்டு, ஒரு நிமிஷம் பொறுங்க. மணிக்கட்டில் நாடியைப் பிடிச்சுக்கிட்டே பம்ப் பண்ணுங்க. நாடி மறைஞ்ச அளவுக்கு மேலே 30 ஏற்றி, நொடிக்கு 2, 3 புள்ளியா இறக்குங்க. லாக் புக் கையெழுத்தா? நாளைக்கு வாங்கிக்கலாம்!