நம் பெயரால் பிறர் கொடுக்கும் சம்மதம்

இணையத்தில் நாம் திறக்கும் பக்கம் எதுவாயினும், அதை எழுதியவர் நல்லவரோ தீயவரோ, அது நம் கணினியின் கோப்புகளைத் தொட முடியாதபடி பிரவுசர் அதை ஒரு வேலிக்குள் அடைத்தே வைத்திருக்கிறது. அந்த வேலியை நம்பித்தான் முன்பின் அறியாத பக்கங்களுக்குள்ளும் அச்சமின்றிப் பிரவேசிக்கிறோம். தொண்ணூறுகளின் நடுவில் நெட்ஸ்கேப் பிரவுசரோடு அறிமுகமான பிளகின் என்னும் துணைநிரலோ, அந்த வேலிக்கு வெளியே, கணினியின் சொந்தக்காரருக்குள்ள அதிகாரங்களையெல்லாம் பெற்று இயங்கியது. அசையும் சித்திரத்தையும் ஒலியையும் அது நமக்குக் கொண்டுவந்தது மெய்யே. ஆயினும் அதில் ஒரு பிழை நேர்ந்துவிட்டால், சித்திரம் காட்ட வந்த பக்கமே கோப்புகளைக் கவரும் வழியாகவும் ஆகிவிடும். அத்தகைய பிளகின்களில் ஒன்றான, அடோபி நிறுவனத்தின் ஃபிளாஷ் நிரலில் இத்தகைய பிழைகள் ஓயாமல் வெளிப்பட்டுக்கொண்டேயிருந்தன. குரோம் பிரவுசர் பழைய வகை பிளகின்களை 2015 செப்டம்பரில் அறவே நீக்கியது; அடோபி 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு ஃபிளாஷைக் கைவிட்டு, 2021 ஜனவரி 12 முதல் அது ஓடாதபடியும் செய்தது.

அபாயம் அத்தோடு தீர்ந்துவிடவில்லை. இன்று கணினியில் நிறுவிக்கொள்ளும் செயலிகளில் பல, எலக்ட்ரான் என்னும் கட்டமைப்பைக் கொண்டு, இணையப் பக்கத்தையும் ஒரு பிரவுசரையும் ஒன்றாகக் கட்டித் தரப்பட்டவையே. அக்கட்டமைப்பில் பிளகின் அனுமதி இயல்பாக மூடியே இருக்கும்; ஒரு பி.டி.எஃப். கோப்பைக் காட்டவேண்டும் என்பது போன்ற ஏதோவொரு தேவைக்காக அதைத் திறப்பவர் செயலியைச் செய்தவரேயன்றி நாமல்லர். கோப்புகளைப் படிக்கும் வல்லமையையும் செயலியின் பக்கத்துக்கே அவர் வழங்கியிருப்பாரானால், வேலி என்று ஒன்று இருப்பதாகவே சொல்ல முடியாது. 2020இல் டிஸ்கார்ட் என்னும் உரையாடல் சேவையின் கணினிச் செயலியில், முப்பரிமாண உருவங்களைக் காட்டுவதற்காக உள்ளே அனுமதிக்கப்பட்ட வேறொரு தளத்தின் பிழையும், செயலியின் தனிமைக் காப்பு அணைந்திருந்ததும் ஒன்றுசேர, பிறர் கணினியில் கட்டளைகளை ஓட்ட முடியும் என்பதை ஓர் ஆராய்ச்சியாளர் நிரூபித்துக் காட்டினார். பிறகே அது திருத்தப்பட்டது. இப்படி நேரும் நஷ்டத்தைப் பயனாளியின் அஜாக்கிரதை என்று ஒதுக்கிவிடுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை; தன் கண்ணுக்கே தெரியாத கதவை அவர் எப்படிப் பூட்டுவார்?

பயனாளியின் கையில் இருப்பது சிறிதே: பழைய பிளகினை நிறுவினால்தான் ஓடுவேன் என்னும் செயலியை மறுப்பது, புதிய பதிப்புகளைத் தாமதமின்றி ஏற்பது, காரியாலயக் கணினியாயின் அச்செயலி எவற்றை அனுமதித்திருக்கிறது என்று எழுத்து மூலம் கேட்பது. இத்தகைய ஊடுருவலால் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்விட்டால் முதலில் வங்கிக்கும் 1930 என்னும் சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் அறிவிக்க வேண்டும். தவறு வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் வேறிடத்தில் இருந்து, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் அவர் தெரிவித்துவிட்டால், அவர் எதையும் இழக்க வேண்டியதில்லை என்றும், பொறுப்பு அவருடையது என்று நிரூபிக்கும் சுமை வங்கியுடையது என்றும் ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ஆம் தேதிச் சுற்றறிக்கையில் விதித்தது. பலர் அறியாத நிவாரணம் இன்னொன்றும் உண்டு. அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைந்தவரிடம் நஷ்டஈடு கோர, தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43ஆம் பிரிவு வழிசெய்கிறது. ஐந்து கோடி ரூபாய் வரையுள்ள கோரிக்கைகளைத் தீர்ப்பு அதிகாரி என்ற முறையில் விசாரிப்பவர், அந்தந்த மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே.