தலைநகரில் தமிழர் – 9: கூப்பிடு தூரம்

தெற்கு தில்லியில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கும் சரோஜினி நகருக்கும் அருகே இருக்கிறது லக்ஷ்மிபாய் நகர். ஜான்சி ராணியின் பெயர் தாங்கிய மத்திய அரசு ஊழியர் குடியிருப்பு. எய்ம்ஸ், சஃப்தர்ஜங் என்று இரண்டு பெரிய ஆஸ்பத்திரிகள் பக்கத்திலேயே. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்று இங்கேயே. ஆட்சி சிம்லாவுக்கும் தில்லிக்குமாக மாறிக்கொண்டிருந்த காலத்தில், தென்னிந்திய குமாஸ்தாக்கள் தம் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளியில் வேர்விட்டது அந்தக் கழகம். ஆண்டு 1923.

சென்ற தலைமுறைத் தில்லித் தமிழர்களின் முன்னேற்றத்தைப் படிப்பார்வத்தின் பலன் என்று பெருமையாகச் சொல்வோம். ஆர்வம் இருந்தது, மறுக்கவில்லை. கூடவே குறைந்த வாடகைக்குக் குவார்ட்டர்ஸ், 1954 முதல் மத்திய அரசு ஊழியருக்கான சி.ஜி.ஹெச்.எஸ். மருத்துவத் திட்டத்தின் டிஸ்பென்சரி, நடந்தே போகக்கூடிய பள்ளி, மாதம் தவறாத சம்பளம் எல்லாம் இருந்தன. ஜுரம் வந்த பிள்ளையை டாக்டரிடம் காட்ட அப்பாவின் ஒருநாள் கூலி போகவில்லை. ஆர்வம் காய்த்தது அந்த நிலத்தில்தான்.

அந்த அரசு ஊழியர் வட்டத்துக்குள்ளும் படிகள் உண்டு. சம்பள நிலைக்கேற்ப வீட்டின் டைப் மாறும். ஆஸ்பத்திரியில் படுத்தால் வார்டும் மாறும். இந்தப் படிகள் உயிரையே தொடும் என்று காட்டியது, 1967-ல் லண்டனில் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வு. பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண் அரசு ஊழியர்களை ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். எல்லோருக்கும் இலவச மருத்துவம் இருந்த நாட்டிலேயே, கடைசிப் படியில் இருந்தவர்களின் இறப்பு விகிதம் மேல்படியினரைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. சிகரெட், ரத்த அழுத்தம் போன்றவற்றைக் கழித்துப் பார்த்தும் இதய நோய் மரணங்களில் வித்தியாசத்தின் பெரும்பகுதி மிஞ்சியது. சம்பளமும் பென்ஷனும் உள்ளவர்களுக்கே இந்தக் கதி என்றால், எந்தப் படியிலும் இல்லாதவர்கள்?

அவர்களும் தமிழர்கள்தான். ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரம் பல பத்தாண்டுகளாக இருந்தது மதராஸி கேம்ப் என்ற குடிசைப் பகுதி. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்து, சுற்றுவட்டார வீடுகளில் பாத்திரம் தேய்த்தும் கூலி வேலை பார்த்தும் வாழ்ந்தார்கள். பிள்ளைகள் பலர் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்தார்கள். வாய்க்கால் அடைத்து மழைக்காலத்தில் வெள்ளம் வருகிறது என்று தில்லி உயர் நீதிமன்றம் கேம்பை அகற்ற உத்தரவிட்டது. 2025 ஜூன் 1 அன்று சுமார் 370 வீடுகள் இடிக்கப்பட்டன. மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றவர்கள் பாதிக்குச் சற்று மேல். அந்த வீடுகளும் ஊரின் வடகோடியில், நரேலாவில்.

வெள்ளத்தைத் தடுக்க வேண்டியதுதான். ஆனால் வீட்டு வேலை செய்யும் ஒரு பெண்ணின் நாளை நினைத்துப் பாருங்கள். காலையில் இரண்டு வீடு, மாலையில் இரண்டு வீடு, நடுவில் தன் வீட்டுச் சோறு. வேலையிடம் கூப்பிடு தூரத்தில் இருந்தால்தான் இது நடக்கும். நரேலாவிலிருந்து பஸ் மாறிப் பஸ் ஏறி வந்தால் காலை வீடுகள் கைவிட்டுப் போகும். வருமானம் பாதியானால் முதலில் குறைவது பாலும் காய்கறியும். அடுத்து அவளுடைய மருந்து. பிறகு மகளின் படிப்பு. பக்கத்துப் பள்ளியில் இடம் கிடைத்தாலும், தமிழில் படித்த பிள்ளை நடுவகுப்பில் இந்திக்கு மாற வேண்டும்.

மாற்று வீடு தரும்போது சதுர அடியை அளக்கிறார்கள். அங்கிருந்து வேலைக்கும் பள்ளிக்கும் எவ்வளவு நேரம், எவ்வளவு பஸ் காசு என்பதையும் அதே ஆணையில் எழுதி, அதற்கும் அரசு பொறுப்பேற்க வேண்டும். லக்ஷ்மிபாய் நகரைக் கட்டிய அரசுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.