மூட்டு நோவின் இரகசியத்தைப் பிடித்த ‘தூண்டில்’

காலையில் எழுந்ததும் கைவிரல்களை மடக்க முடிவதில்லை. தேங்காய் துருவவோ, பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் பூட்டவோ விரல்கள் இடங்கொடுப்பதில்லை. ஒரு மணித்தியாலம் சென்றாலும் விறைப்புத் தணிவதில்லை. இப்படிச் சொல்லும் பெண்களை உங்கள் குடும்பத்திலேயே நீங்கள் கண்டிருக்கலாம். ‘வாதம்தானே’ என்று எண்ணெய் தடவிக் காலத்தைக் கடத்துவோர் பலர். இவர்களில் சிலருக்கு இருப்பது முடக்குவாதம் என்னும் ருமற்றொயிட் மூட்டு நோய். ஆண்களை விடப் பெண்களையே இது அதிகம் பீடிக்கிறது. வயதினால் வரும் தேய்மானம் அல்ல இது. நம்மைக் காக்க வேண்டிய நிர்ப்பீடனத் தொகுதியே நமது மூட்டுகளைப் பகையென எண்ணித் தாக்குவதால் வருவது.

இந்த உண்மை எப்படி வெளிப்பட்டது என்பதை அறிந்தால் வியப்படைவீர்கள்.

நமது குருதியிலுள்ள வெண்கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்கின்றன. ‘கிருமி வந்துவிட்டது, விரைந்து வாருங்கள்’ என்ற செய்தியைச் சுமந்து செல்பவை சைற்றோகைன் எனப்படும் சிறு புரதங்கள். இவற்றின் அளவோ மிகமிகக் குறைவு. ஒரு கிராமை இலட்சம் கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் துணுக்கே ஒரு பிக்கோகிராம். ஒரு மில்லிலீற்றர் குருதியில் இப்புரதங்கள் சில பிக்கோகிராம் மட்டுமே இருக்கக்கூடும். ஆயிரக்கணக்கான வேறு புரதங்களுக்கு நடுவே அதை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு, அந்த ஒன்றை மட்டுமே பிடிக்கும் தூண்டில் வேண்டும்.

அத்தகைய தூண்டில்களைச் செய்யும் வழி 1975இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தது. ஆர்ஜென்டினாவில் பிறந்த சீசர் மில்ஸ்டீனும், ஜெர்மனியரான ஜோர்ஜ் கோலரும் அதைக் கண்டறிந்தனர். ஒரு பொருளைச் சுண்டெலிக்கு ஊசிமூலம் ஏற்றினால், அதன் உடல் அதற்கு எதிரான பிறபொருளெதிரிகளை உண்டாக்கும். அவற்றை உண்டாக்கும் கலங்களை எலியின் மண்ணீரலிலிருந்து எடுத்து, ஓயாது பெருகும் புற்றுநோய்க் கலங்களுடன் இணைத்தார்கள். இணைந்த கலம் இரு குணங்களையும் பெற்றது: அழியாமல் பெருகும், ஒரே வகைப் பிறபொருளெதிரியையே சுரந்துகொண்டிருக்கும். இதுவே ‘மொனோகுளோனல்’ பிறபொருளெதிரி. இருவரும் இதற்குக் காப்புரிமை பெறவில்லை. 1984இல் நீல்ஸ் ஜேர்னுடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்கள்.

தூண்டில் இருந்தால் போதுமா? மீன் சிக்கியதென்று தெரிய வேண்டுமே! அதற்கு வழிகாட்டியவர்களுள் ஒரு பெண்ணும் இருக்கிறார். சுவீடனின் ஈவா எங்வாலும் பீற்றர் பேர்ல்மனும் 1971இல் எலைசா என்ற சோதனை முறையை வெளியிட்டார்கள். அதன் இன்றைய வடிவமொன்றில், சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் முதல் பிறபொருளெதிரியைப் படிய வைக்கிறார்கள். அதன்மேல் நோயாளியின் குருதிநீரை விடுகிறார்கள். தேடும் புரதம் இருந்தால் ஒட்டிக்கொள்ளும். மற்றவை கழுவுகையில் போய்விடும். பிறகு நொதியம் பொருத்திய இரண்டாவது பிறபொருளெதிரியை விடுகிறார்கள். கடைசியாகச் சேர்க்கும் திரவம் நிறம் மாறும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ, புரதமும் அவ்வளவு அதிகம்.

இனி மூட்டு நோவுக்கு வருவோம். லண்டனில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி ஆகியோரின் குழு, முடக்குவாத நோயாளிகளின் மூட்டுகளிலிருந்து எடுத்த கலங்களை ஆராய்ந்தது. அங்கே பலவகைச் சைற்றோகைன்கள் நிறைந்திருந்தன. எது தலைவன்? அக்குழுவின் ஃபினூலா பிரெனன் என்னும் பெண் விஞ்ஞானியை முதலாசிரியராகக் கொண்டு 1989இல் வெளிவந்த ஆய்வு விடை தந்தது. ரி.என்.எப். என்னும் ஒரு புரதத்தைப் பிறபொருளெதிரியால் தடுத்ததும், அழற்சியை மூட்டும் இன்னொரு புரதமும் குறைந்துபோனது. அடுப்பின் பிரதான விறகை இழுத்துவிட்டால் தீ தணிவது போல!

ஆய்வுகூடத்தில் கருவியாக இருந்தது மருந்தாகுமா என்ற கேள்வி எழுந்தது. நியூயோர்க்கில் ஜான் வில்செக்கும் ஜுன்மிங் லேயும் உருவாக்கிய எலிப் பிறபொருளெதிரியின் பெரும்பகுதியை மனிதப் பகுதியாக மாற்றியமைத்தார்கள். 1992இல் லண்டனில் முதல் நோயாளிகளுக்கு அது ஏற்றப்பட்டது. நல்ல பலன் தெரிந்தது. இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற அம்மருந்து 1999இல் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கும் அங்கீகாரம் பெற்றது.

ஆனால் ஒரு எச்சரிக்கை, சகோதரிகளே! ரி.என்.எப். வெறும் எதிரி அல்ல. உடலுக்குள் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சிறைவைப்பதில் அதற்கும் பங்குண்டு. அதைத் தடுத்தால் சிறைக்கதவு திறந்துவிடலாம். இம்மருந்து பெற்ற சிலருக்குக் காசநோய் கிளம்பியது 2001இல் எடுத்துக்காட்டப்பட்டது. ஆகவேதான் மருந்தைத் தொடங்குமுன் மறைந்திருக்கும் காசநோய்க்கான சோதனை செய்யப்படுகிறது. அச்சோதனைகளில் ஒன்று, இன்டர்ஃபெரோன் காமா என்ற மற்றொரு செய்திப் புரதத்தை இதே தூண்டில் முறையால் அளப்பதுதான்.

உங்கள் வீட்டில் எவருக்கேனும் விரல் மூட்டுகள் வீங்கி, காலை விறைப்பு வாரக்கணக்கில் நீடித்தால் எண்ணெயோடு நிறுத்தாதீர்கள். மூட்டு உருக்குலைந்த பின் அதைப் பழையபடி ஆக்குவது கடினம். முன்னரே கண்டால் காக்க வழியுண்டு. முதலில் கொடுப்பது விலை குறைந்த மாத்திரைகளாகவே இருக்கும்; பலருக்கு அவையே போதும். வைத்தியரிடம் செல்லும்போது, வீட்டில் எவருக்கேனும் எப்போதாவது காசநோய் இருந்ததா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்த ஒரு தகவல், உயிருக்கே ஆபத்தாகிவிடக்கூடும்.