ஸ்பிரிங்ஃபீல்ட் தொலைநோக்கி உருவாக்குநர் கழகம்

ஸ்பிரிங்ஃபீல்ட் தொலைநோக்கி உருவாக்குநர் கழகம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ஸ்பிரிங்ஃபீல்ட் என்னும் சிற்றூரில் இயங்கிவரும் பயில்நிலை வானியலாளர் கழகம் ஆகும். இது 1923 ஆம் ஆண்டு டிசம்பரில் முறைப்படி அமைக்கப்பட்டது. தொலைநோக்கியை விலைக்கு வாங்காமல் உறுப்பினர் தம் கையாலேயே உருவாக்கிக்கொள்வது இக்கழகத்தின் அடிப்படைக் கொள்கை. அமெரிக்காவில் பயில்நிலைத் தொலைநோக்கி உருவாக்கம் ஓர் இயக்கமாகப் பரவியதற்கு இக்கழகமே முதன்மைக் காரணமாகக் கருதப்படுகின்றது.

தோற்றம்

கழகத்தை நிறுவிய ரசல் போர்ட்டர் (1871–1949) ஸ்பிரிங்ஃபீல்டிலேயே பிறந்தவர். கட்டிடக்கலை பயின்ற இவர், வடதுருவப் பகுதிக்குச் சென்ற பல ஆய்வுப் பயணங்களில் ஓவியராகவும் நில அளவையாளராகவும் பங்குகொண்டார். பின்னர் ஊர் திரும்பி, ஜோன்ஸ் அண்ட் லாம்சன் என்னும் இயந்திரக் கருவித் தொழிற்சாலையில் பணியாற்றினார். அதன் தலைவரான ஜேம்ஸ் ஹார்ட்னசும் வானியல் ஆர்வலர். 1921 முதல் 1923 வரை வெர்மான்ட் மாநிலத்தின் ஆளுநராக இருந்தவரும் இவரே.

அக்காலத்தில் நல்ல தொலைநோக்கி ஒன்றின் விலை ஒரு தொழிலாளியால் எட்ட முடியாததாக இருந்தது. 1920 இல் போர்ட்டர் தொழிற்சாலை ஊழியர்களுக்கு ஆடி தேய்க்கும் வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். அவரிடம் பயின்றவர்களுள் ஒரு பெண்ணும் இருந்தார். இவர்களுட் பெரும்பாலோர் முன்னர் வானியல் கற்றவர்கள் அல்லர். ஆயினும், நுண்ணளவுகளோடு நாள்தோறும் பழகிய தொழிலாளர்களுக்கு இவ்வேலை கைவந்தது. இவ்வகுப்பிலிருந்தே கழகம் தோன்றியது.

ஆடி உருவாக்கும் முறை

தெறிப்புத் தொலைநோக்கியின் முதன்மை உறுப்பு ஒரு குழியாடி ஆகும். இதனை உருவாக்கச் சம விட்டமுடைய இரண்டு தடித்த கண்ணாடி வட்டுகள் தேவை. ஒன்றை மேசைமீது பொருத்தி, அதன்மேல் கார்போரண்டம் தூளும் நீரும் இட்டு, மற்றதை மேலே வைத்து முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். தேய்ப்பவர் மேசையைச் சுற்றி நடந்தவாறே ஆடியையும் சிறிது சிறிதாகத் திருப்புவார். இவ்வாறு செய்யும்போது மேல் வட்டு குழிவாகவும் கீழ் வட்டு குவிவாகவும் மாறுகின்றன. எல்லாத் திசைகளிலும் நகர்ந்தும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கக்கூடிய பரப்பு கோளப் பரப்பு என்பதே இதற்குக் காரணம்.

அடுத்து, படிப்படியாக நுண்ணிய தூள்கள் பயன்படுத்தப்படுகின்றன. இறுதியில் கீல் பூசிய வட்டின்மீது மெருகூட்டப்படுகின்றது. 150 மி.மீ. விட்டமும் 1200 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட ஆடியின் நடுப்பகுதியில் குழியின் ஆழம் 1.2 மி.மீ. அளவே ஆகும்.

ஒளிக்கதிர்கள் ஒரே புள்ளியில் குவிய, கோளப் பரப்பைப் பரவளையப் பரப்பாக மாற்ற வேண்டும். மேற்கூறிய ஆடியில் இவ்விரு பரப்புகளுக்கும் இடையே விளிம்பில் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 0.0003 மி.மீ. மட்டுமே. இத்துணைச் சிறிய வேறுபாட்டை ஃபூக்கோ சோதனை காட்டிக்கொடுக்கின்றது. இருட்டறையில் ஊசித்துளை வழியே வரும் ஒளியை ஆடிமீது விழச்செய்து, திரும்பிவரும் ஒளிக்கற்றையைக் கத்தி முனையால் வெட்டினால், பரப்பின் மேடு பள்ளங்கள் நிழல்களாகப் பெரிதாகத் தோன்றும். விளக்கும் சவரக்கத்தியின் அலகுமே இதற்குப் போதுமானவை என்பதால், எளிய வீட்டிலும் உயர்தரமான ஆடியை உருவாக்க முடிகின்றது.

ஸ்டெல்லஃபேன்

பிரீசி குன்றின்மீது உறுப்பினர்கள் தாமே கட்டிய கழகமனைக்கு ஸ்டெல்லஃபேன் என்று பெயர். இலத்தீன் சொற்களிலிருந்து அமைந்த இப்பெயருக்கு விண்மீன்களின் கோயில் என்று பொருள் கொள்ளலாம். இளஞ்சிவப்பு வண்ணம் பூசப்பட்ட இம்மனையின் அருகே 1930 இல் முடிக்கப்பட்ட கோபுரத் தொலைநோக்கி உள்ளது. நோக்குபவர் குளிரில் நிற்காமல் மூடிய கோபுரத்தினுள் அமர்ந்தே வானைக் காணும்படி போர்ட்டர் இதனை வடிவமைத்தார். வெர்மான்ட்டின் கடுங்குளிரை நினைத்தால் இதன் பயன் விளங்கும். இவ்விடம் 1989 இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

ஆண்டு மாநாடு

சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழின் ஆசிரியர் குழுவைச் சேர்ந்த ஆல்பர்ட் இங்கல்ஸ், 1925 நவம்பர் இதழில் இக்கழகத்தைப் பற்றி எழுதினார். அதைப் படித்த பலர் செய்முறை கேட்டு எழுதவே, போர்ட்டரின் விளக்கக் கட்டுரைகளும் அவ்விதழில் வெளிவந்தன. 1926 இல் ஒரு சிறு குழுவினருடன் முதல் மாநாடு நடைபெற்றது. பிற்காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடும் நிகழ்வாக அது வளர்ந்தது.

கோடையில் அமாவாசையை ஒட்டி மாநாடு நடத்தப்படுகின்றது. சொந்தமாக உருவாக்கிய தொலைநோக்கிகளுக்கு இயந்திர அமைப்பு, ஒளியியல் தரம் ஆகியவற்றில் போட்டிகள் உண்டு. இரவில் வெண்ணிற விளக்குகளுக்கு இடமில்லை. இருளுக்குப் பழகிய கண் ஒரு கணம் வெள்ளொளியைக் கண்டாலும், மீண்டும் முழுமையாகப் பழக அரைமணி நேரம் வரை ஆகும். எனவே மங்கிய செந்நிற விளக்குகளே பயன்படுத்தப்படுகின்றன.

ஒளி மாசு

குன்றின் இருளைக் காப்பதும் கழகத்தின் பணிகளுள் ஒன்றாகிவிட்டது. 2003 இல் ஸ்பிரிங்ஃபீல்டில் திறக்கப்பட்ட சிறைச்சாலைக்கான திட்டம் வந்தபோது, அதன் விளக்குகள் வானை மறைக்கும் என்ற கவலை எழுந்தது. சிறைக்குப் பாதுகாப்பு வெளிச்சம் இன்றியமையாதது. ஆனால் வானை நோக்கிச் செல்லும் ஒளியால் பாதுகாப்புக்குப் பயன் ஏதுமில்லை. மேற்பக்கம் கவசமிட்டு ஒளியைத் தரையை நோக்கியே செலுத்தும் விளக்குகளைப் பொருத்துவதே இத்தகைய முரண்பாடுகளுக்கு வானியலாளர்கள் முன்வைக்கும் தீர்வாகும்.

தாக்கம்

1928 இல் வானியலாளர் ஜார்ஜ் எல்லரி ஹேல் அழைத்ததன்பேரில் போர்ட்டர் கலிபோர்னியா சென்று, பாலோமர் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கித் திட்டத்தில் பணியாற்றினார். அத்தொலைநோக்கி 1948 இல் திறந்துவைக்கப்பட்டது. நிலவின் கிளேவியஸ் பள்ளத்தின் விளிம்பில் அமைந்த ஒரு கிண்ணக்குழிக்குப் போர்ட்டரின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. கையால் தேய்த்த சிறிய ஆடி கொண்ட தொலைநோக்கியிலும் அதனைக் காணலாம்.