ஸ்டியரிங் ஆடுகிறதா? மலைப் பாதையில் ஏறாதீர்கள்!

மலைகளுக்கு நடுவே இருக்கிறது கம்பம் பள்ளத்தாக்கு. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கு ஒரு பாதை போகிறது. கூடலூரைத் தாண்டி லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு இன்னொரு பாதை. மூன்றும் கேரளத்துக்குப் போகும் பாதைகள்.

காய்கறியும் வாழைத்தாரும் லாரியில் மேலே ஏறுகின்றன. ஏலக்காய் கீழே இறங்குகிறது. ஏலத் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் அதிகாலையில் ஜீப்பில் மலை ஏறுகிறார்கள். மாலையில் வீடு திரும்புகிறார்கள்.

இத்தனை பேரின் உயிரும் டிரைவர் பிடித்திருக்கும் ஸ்டியரிங்கில்தான் இருக்கிறது!

"ஆட்டம்" என்றால் என்ன?

ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் உடனே திரும்ப வேண்டும். பழைய லாரிகளில் சில சமயம் அப்படித் திரும்பாது. ஸ்டியரிங் கொஞ்ச தூரம் சும்மா சுற்றும். அதற்குப் பிறகுதான் சக்கரம் அசையும். இதைத்தான் "ஆட்டம்" என்றும் "பிளே" என்றும் சொல்கிறார்கள்.

மணிக்கு 30 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் லாரி, ஒரு வினாடியில் 8 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். சக்கரம் அரை வினாடி தாமதமாகத் திரும்பினால் போதும், லாரி 4 மீட்டர் போய்விடும். மலை வளைவில் 4 மீட்டர் என்பது சின்ன தூரமா? பாதையின் ஓரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே அவ்வளவு இடம் இருக்காது!

சட்டம் சொல்லும் அளவு

1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-வது விதி இதைப் பற்றியது. ஸ்டியரிங்கில் 30 டிகிரிக்கு மேல் ஆட்டம் இருக்கக் கூடாது என்று அது சொல்கிறது.

30 டிகிரி எவ்வளவு? கடிகாரத்தைப் பாருங்கள். 12-க்கும் 1-க்கும் நடுவே உள்ள இடைவெளிதான் 30 டிகிரி. ஸ்டியரிங்கின் குறுக்களவு 19 அங்குலம் என்றால், அதன் விளிம்பில் இது சுமார் 5 அங்குலம். இதுதான் கடைசி எல்லை. அதைத் தொடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

திருகினால் தீராது!

ஸ்டியரிங் பாக்ஸில் ஆட்டத்தைக் குறைக்க ஒரு திருகாணி உண்டு. ஆட்டம் என்றதும் பலர் முதலில் அதைத்தான் முறுக்குகிறார்கள். இது தவறு.

லாரி பெரும்பாலும் நேராகவே ஓடுகிறது. ஆகவே பாக்ஸுக்குள் இருக்கும் பல்லில் நடுப்பகுதிதான் அதிகம் தேய்கிறது. நடுவில் உள்ள ஆட்டம் போகும்வரை திருகினால், தேயாத ஓரப் பகுதி இறுகிக்கொள்ளும். வளைவில் திரும்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. மலைப் பாதையில் இதுவும் ஆபத்து.

அதோடு, கோளாறு வேறு இடத்தில் இருந்தால் என்ன ஆகும்? அது மறைந்தே இருக்கும். புண் எங்கே என்று பார்க்காமல் மருந்து போடலாமா?

கண்டுபிடிப்பது எப்படி?

இதற்கு இரண்டு பேர் போதும். லாரியைச் சமதரையில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாக அசைக்க வேண்டும். பவர் ஸ்டியரிங் என்றால் இன்ஜின் ஓட வேண்டும்.

மற்றவர் ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து தொடங்கி, சக்கரம்வரை ஒவ்வொரு இணைப்பாகப் பார்க்க வேண்டும். இணைப்பின் இரண்டு பக்கமும் ஒன்றாக அசைந்தால் நல்லது. ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் பின்தங்கினால், அங்கே தேய்மானம்! பாக்ஸை சேஸிஸில் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் பாருங்கள். அவை தளர்ந்திருந்தால் பாக்ஸே அசையும்.

அடுத்து ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைத் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல், ஆக்ஸிலுக்கு அடியில் உறுதியான ஸ்டாண்டு கொடுங்கள். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடுகிறதா? ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங் தளர்ந்திருக்கிறது. நிற்காவிட்டால் கிங் பின் தேய்ந்திருக்கிறது. பக்கவாட்டில் மட்டும் ஆடினால் டை ராடு முனைகளைப் பாருங்கள்.

சரி செய்வது எப்படி?

தேய்ந்த சாமானை மாற்ற வேண்டும். ஸ்டியரிங் இணைப்புகளில் வெல்டிங் வைத்து ஒப்பேற்றக் கூடாது. கிங் பின்னை மாற்றும்போது புஷ்ஷையும் சேர்த்து மாற்ற வேண்டும். பிறகு தவறாமல் கிரீஸ் அடிக்க வேண்டும். டை ராடு முனையை மாற்றினால் வீல் அலைன்மெண்ட் பார்க்க வேண்டும்.

ஸ்பிளிட் பின்னைக் கழற்றினால் பழையதைத் திரும்பப் போடாதீர்கள். புதிதாகப் போடுங்கள். இணைப்புகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், பின்கள் கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்று அதே 98-வது விதி சொல்கிறது. ரப்பர் மூடி கிழிந்தால் மண்ணும் மழைத் தண்ணீரும் உள்ளே போய் இணைப்பை அரித்துவிடும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் பாக்ஸில் கை வைக்க வேண்டும். சக்கரம் நேராக இருக்கும்போது, கம்பெனி புத்தகத்தில் சொன்ன முறைப்படி திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருக வேண்டும். பிறகு ஸ்டியரிங்கை இரண்டு கோடிக்கும் சுற்றிப் பார்க்க வேண்டும். எங்கேயும் பிடிக்கக் கூடாது. அப்படியும் ஆட்டம் தீராவிட்டால், பாக்ஸையே பிரித்துத் தேய்ந்ததை மாற்ற வேண்டியதுதான். ஜீப்புக்கும் இதே வரிசைதான்.

எல்லோரும் கவனிக்கலாம்

நேரான ரோட்டிலும் டிரைவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் திருப்பிக்கொண்டே இருக்கிறாரா? முன் டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்கிறதா? பள்ளத்தில் இறங்கி ஏறியதும் முன்சக்கரம் உதறுகிறதா? இவை எச்சரிக்கைகள். வண்டியில் போகிறவர்களும் கேட்கலாம். தோட்ட வேலைக்குப் போகும் பெண்களும் கேட்கலாம்.

8 வயதைத் தாண்டிய லாரிக்கு ஆண்டுதோறும் எப்.சி. எடுக்க வேண்டும். எடுத்துவிட்டோமே என்று இருந்துவிடக் கூடாது. எப்.சி. வாங்கிய மறுநாளே ஒரு பின் கழன்று விழலாம்.

ஒரு ஸ்பிளிட் பின்னின் விலை சில ரூபாய்தான். மலை ஏறுமுன் பத்து நிமிடம் குனிந்து பாருங்கள். 17 வளைவுகளையும் தாண்டி, போனவர்கள் பத்திரமாக வீடு வந்து சேர்வார்கள்!