கூலன்ட் நாமே மாத்தினா எவ்வளவு மிச்சம்? சிந்தாம வடிச்சு, அளந்து பாத்தாதான் கணக்கு புரியும்

விருத்தாசலத்துல இருந்து தினமும் நெய்வேலிக்கு வேலைக்குப் போற ஒரு தம்பி நம்ம சேனலுக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். செகண்ட் ஹேண்ட்ல ஒரு மஹிந்திரா தார் வாங்கியிருக்கார். வார நாள்ல ஆபீஸ், லீவு கிடைச்சா கல்வராயன் மலை. கூலன்ட் மாத்த வொர்க்‌ஷாப்ல 2,900 ரூபாய் எஸ்டிமேட். "அண்ணா, இதை நானே வீட்டு வாசல்ல வெச்சு செஞ்சா எவ்வளவு மிச்சமாகும்? பக்கத்து வீட்டு வாசல் எல்லாம் பச்சைத் தண்ணி ஆகாம செய்ய முடியுமா?"

ரெண்டும் நல்ல கேள்வி. முதல் கேள்விக்கு நேர்மையான பதில்: பெருசா ஒண்ணும் மிச்சமாகாது. ஆனா ரெண்டாவது கேள்வியை ஒழுங்கா செஞ்சா, அதாவது ஒரு சொட்டு சிந்தாம வடிச்சு அளந்து பாத்தா, பின்னாடி வரப்போற பெரிய செலவை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். கீழே சிந்தின கூலன்ட்டை அளக்க முடியாது. அளக்கலைன்னா இன்ஜினுக்குள்ள எவ்வளவு தங்கியிருக்குன்னு தெரியாது.

முதல்ல ஒரு சந்தேகத்தைத் தீர்த்துடுவோம். "நம்ம ஊர்ல என்ன பனியா பெய்யுது, எதுக்கு ஆன்டி-ஃப்ரீஸ்? தண்ணியே போதுமே?" கூலன்ட்ல பாதி எத்திலீன் கிளைக்கால், பாதி சுத்தமான தண்ணி. உறைநிலை மைனஸ் 37 டிகிரி வரைக்கும் இறங்கும்ங்கிறது காஷ்மீர்காரங்களுக்கான செய்தி. நமக்கு வேண்டியது வேற ரெண்டு. ஒண்ணு, இந்தக் கலவையோட கொதிநிலை சுமார் 107 டிகிரி. மூடி கொடுக்கிற பிரஷரும் சேர்ந்தா இன்னும் 20 டிகிரிக்கு மேல ஏறும். கத்திரி வெயில்ல, ரேடியேட்டர் முகத்துல சேறு அப்பிக்கிட்டு, ஃபர்ஸ்ட் கியர்ல மலை ஏறுறப்போ அந்த 20 டிகிரிதான் கை கொடுக்கும். இன்னொண்ணு, துரு பிடிக்காம இருக்க அதுல கலந்திருக்கிற மருந்து. அந்த மருந்து காலப்போக்குல தீர்ந்துடும். அதனாலதான் மாத்தணும்.

விருத்தாசலத்துக்காரங்களுக்கு ஒரு சுவாரசியம். பீங்கான்னா உங்க ஊர்ல கொலு பொம்மையும் ஃப்யூஸ் கேரியரும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனா கார் இன்ஜின்ல இருக்கிற வாட்டர் பம்ப்பைப் பிரிச்சுப் பாத்தா, அதோட சீல்ல கார்பன் வளையமும் பீங்கான் வகை வளையமும் ஒண்ணோட ஒண்ணு உரசிக்கிட்டுச் சுத்தும். நடுவுல இருக்கிற மெல்லிய கூலன்ட் படலம்தான் அதுக்கு எண்ணெய் மாதிரி. போர் தண்ணி ஊத்தினா உப்புப் படிஞ்சு அந்த முகத்தையே அரம் போட்டு ராவிடும். முதல்ல பம்ப்புக்கு அடியில இருக்கிற சின்ன ஓட்டை வழியா சொட்டும், அப்புறம் பம்ப்பே போகும்.

பம்ப்போட நின்னா பரவாயில்ல. கூலன்ட் குறைஞ்சு இன்ஜின் கொதிச்சா, அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைஞ்சு கேஸ்கட் போகும். ஹெட்டைக் கழட்டி, ஃபேஸிங் பண்ணி, திரும்ப மாட்டுற பில் பத்தாயிரங்கள்லதான் வரும். இங்கதான் நம்ம சப்ஜெக்ட் வருது. "காம்ப்ரிஹென்சிவ் இன்சூரன்ஸ் இருக்கே" அப்படின்னு தைரியமா இருக்காதீங்க. மெக்கானிக்கல் பிரேக்டவுன், தேய்மானம் ரெண்டும் சாதாரண மோட்டார் பாலிசியில விலக்குப் பட்டியல்ல இருக்கும். இன்ஜின் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் பெரும்பாலும் தண்ணி உள்ள புகுந்தது, அடிபட்டு ஆயில் கசிஞ்சது மாதிரி விஷயங்களுக்கு. கன்ஸ்யூமபிள்ஸ் ஆட்-ஆன்ல கூலன்ட் வரும், ஆனா விபத்து ரிப்பேர் பண்றப்போ மட்டும். கவனிக்காம விட்டு கொதிச்ச இன்ஜினுக்கு உங்க எமர்ஜென்சி ஃபண்ட்தான் இன்சூரன்ஸ். வண்டி வாரன்டியில இருந்தா இந்த வேலையில நீங்க இறங்கவே வேண்டாம், சர்வீஸ் ரெக்கார்டுதான் முக்கியம்.

ஏன் சிந்துது?

சாதா கார்ல இருக்கிறதை விட ஆஃப்-ரோடு வண்டியில இந்த வேலை ஏன் கச்சடா ஆகுதுன்னா, அடியில இருக்கிற ஸ்கிட் பிளேட். பாறை தட்டாம இருக்க போட்டிருக்கிற தகடு. ரேடியேட்டர் அடியில இருக்கிற வடிகுழாயைத் திறந்ததும் கூலன்ட் நேரா கீழ வராது. அந்தத் தகடு மேல விழுந்து, அங்க ஏற்கெனவே காய்ஞ்சு கிடக்கிற சேத்தைக் கரைச்சு, தகட்டுல இருக்கிற நாலு ஓட்டை வழியா நாலு இடத்துல ஊத்தும். நீங்க ஒரு இடத்துல டப் வெச்சிருப்பீங்க. அவ்ளோதான் கதை.

அதனால ஸ்கிட் பிளேட்டைக் கழட்டிடுங்க. பெரும்பாலும் நாலஞ்சு போல்ட்தான். இந்த வண்டிகள் உயரமா இருக்கிறதால ஜாக்கி போடாமலே படுத்துட்டு உள்ள போயிடலாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில போறது எந்த மிச்சத்துக்கும் தகுதியான ரிஸ்க் இல்ல.

அடுத்தது டியூப். கொத்தனார் மட்டம் பாக்குற கண்ணாடி மாதிரியான லெவல் டியூப் ஹார்டுவேர் கடையில கிடைக்கும். ரெண்டு மூணு அளவுல ஆளுக்கு ஒரு மீட்டர் வாங்குங்க. முனையை வெந்நீர்ல நனைச்சா இளகும், வடிகுழாயோட மூக்குல இறுக்கமா ஏறிக்கும். மறுமுனை நேரா கேனுக்குள்ள. கேனுக்கு அடியில ஒரு அகலமான டப் இருந்தா இன்னும் நிம்மதி. அஞ்சு லிட்டர் எண்ணெய் கேனைப் படுக்க வெச்சு, மேல் பக்கத்தை வெட்டி எடுத்தாலே நல்ல தட்டு ரெடி.

இப்போ வரிசை. இன்ஜின் முழுசா ஆறியிருக்கணும், ராத்திரி நிறுத்தின வண்டியைக் காலையில தொடுறது உத்தமம். சூட்டுல மூடியைத் திறந்தா கொதிக்கிற கூலன்ட் முகத்துல அடிக்கும். எக்ஸ்பான்ஷன் டேங்க்ல லெவல் எங்க இருக்குன்னு ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. ஹீட்டரை முழு ஹாட்ல வெச்சுட்டு சாவியை எடுத்துடுங்க, ஃபேன் திடீர்னு சுத்தி விரல் போயிடக் கூடாது. எக்ஸ்பான்ஷன் டேங்க்ல இருக்கிறதை பெரிய சிரிஞ்சும் டியூபும் வெச்சு உறிஞ்சி எடுத்துடுங்க. வாயால உறியவே கூடாது.

மூடியை மறுபடி மூடிட்டு, அப்புறம் கீழே வடிகுழாயைத் திறங்க. இதுதான் சிந்தாம இருக்கிறதுக்கு முக்கியமான ட்ரிக். மேல காத்து போக வழியில்லாததால கூலன்ட் கொஞ்சமாத்தான் வரும். டியூப் சரியா உக்காந்திருக்கா, கசியுதான்னு பாக்க நேரம் கிடைக்கும். எல்லாம் சரின்னா மேல மூடியை மெதுவா லூஸ் பண்ணுங்க. வேகம் உங்க கையில. வடிகுழாய்த் திருகு பல வண்டியில பிளாஸ்டிக். பழசானா பிஸ்கட் மாதிரி உடையும். கட்டிங் பிளேயர் போட்டு முறுக்காதீங்க, கையால திருப்புங்க. திரும்ப மூடும்போது புது ஓ-ரிங் போடுங்க.

சில மாடல்ல வடிகுழாயே இருக்காது. கீழ் ஹோஸைத்தான் கழட்டணும். அப்போ மொத்தமும் ஒரே மூச்சுல கொட்டும். அந்த மாதிரி வண்டின்னா என் கருத்து: முதல் தடவை வொர்க்‌ஷாப்லயே விட்டுடுங்க, பக்கத்துல நின்னு பாருங்க.

அளவு என்ன சொல்லுது?

வடிஞ்சதை ஒரு லிட்டர் ஜாடியால அளந்து எழுதுங்க. கணக்கு சுலபமா இருக்க உங்க வண்டி மேனுவல்ல மொத்தம் 10 லிட்டர்னு வெச்சுக்குவோம். ரேடியேட்டரை மட்டும் வடிச்சா 6 லிட்டர் வந்துச்சு. மீதி 4 லிட்டர் இன்ஜின் பிளாக்லயும் ஹீட்டர்லயும் இருக்கு. இது சகஜம். ஆனா டேங்க்ல லெவல் சரியா இருந்தும் 3 லிட்டர்தான் வந்துச்சுன்னா, உள்ளே அடைப்பா, இல்ல ரேடியேட்டர் ஏற்கெனவே காலியாத்தான் ஓடிச்சான்னு பாக்கணும்.

நிறமும் பேசும். பழுப்பா வந்தா முன்னாடி இருந்த ஓனர் வெறும் தண்ணியில ஓட்டியிருக்கலாம். ஜெல்லி மாதிரி இருந்தா ரெண்டு வகை கூலன்ட் கலந்திருக்கலாம். மேல எண்ணெய்ப் படலம் மிதந்தா வேலையை அங்கேயே நிறுத்திட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்க, அது கேஸ்கட்டோ ஆயில் கூலரோ. புது கூலன்ட் ஊத்தி அதை மறைக்க முடியாது. (செகண்ட் ஹேண்ட் வண்டி பாக்கப் போறவங்க, இன்ஜின் ஆறின நிலையில மூடியைத் திறந்து இதை மட்டும் பாத்தாலே போதும். அரை நிமிஷ வேலை, பேரம் பேச நல்ல ஆயுதம்.)

சுத்தமா, அதே நிறத்துல வந்துச்சா? அப்போ ஃப்ளஷ் எல்லாம் வேண்டாம். அதே வகை ரெடிமிக்ஸ் 6 லிட்டர் ஊத்தினா வேலை முடிஞ்சது. நிறம் ஒண்ணா இருக்குன்னு மட்டும் நம்பி வாங்காதீங்க, நிறத்துக்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது. மேனுவல்ல சொல்லியிருக்கிற வகையைப் பாருங்க, கேன்ல ஐஎஸ் 5759 மாதிரி தரக் குறிப்பு இருக்கான்னு பாருங்க.

அழுக்கா வந்துச்சுன்னா டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி, இன்ஜினைச் சூடாக்கி, ஆறவெச்சு, வடிச்சு, தெளிவா வர்ற வரைக்கும் திரும்பச் செய்யணும். இங்கதான் பல பேர் கோட்டை விடுறாங்க. ஃப்ளஷ் முடிஞ்சதும் உள்ள தங்கியிருக்கிற 4 லிட்டர் இப்போ கிட்டத்தட்ட வெறும் தண்ணி. அது மேல 6 லிட்டர் ரெடிமிக்ஸ் ஊத்தினா, மொத்தம் 10 லிட்டர்ல கிளைக்கால் 3 லிட்டர்தான், அதாவது 30 சதவீதம். காசு கொடுத்தும் தேவையை விடக் கம்மியாத்தான் மருந்து போட்டிருக்கீங்க. அதனால ஃப்ளஷ் செஞ்சவங்க கான்சென்ட்ரேட் வாங்கணும். முதல்ல 5 லிட்டர் கான்சென்ட்ரேட், அப்புறம் 1 லிட்டர் டிஸ்டில்டு வாட்டர். இப்போ சரியா பாதிக்குப் பாதி. வடிச்சதை அளக்காம இந்தக் கணக்கைப் போடவே முடியாது.

செலவு: கான்சென்ட்ரேட் லிட்டர் 350 ரூபாய்னு வெச்சா 1,750. டிஸ்டில்டு வாட்டர் லிட்டர் 20 ரூபாய்னு வெச்சா, மூணு ஃப்ளஷ்ஷுக்கு 18 லிட்டரும் கலக்க 1 லிட்டரும் சேர்த்து 380. டியூப், சிரிஞ்ச், கிளவுஸ், ஓ-ரிங் எல்லாம் ஒரு 400. ஆக 2,530. தம்பிக்கு வந்த எஸ்டிமேட்டோட ஒப்பிட்டா மிச்சம் 370 ரூபாய், ஒரு ஞாயித்துக்கிழமை காலி. அடுத்த தடவை டூல்ஸ் செலவு இல்லாததால கொஞ்சம் கூடும். லேபர் மிச்சம் பிடிக்க மட்டும்தான்னா வொர்க்‌ஷாப்புக்கே போங்க. ஆனா "எவ்வளவு வடிஞ்சது, எதை எவ்வளவு ஊத்துனீங்க"ன்னு கேட்டு பில்லுல எழுதி வாங்குங்க.

வடிச்சதை என்ன பண்றது?

இதை நான் லேசா சொல்லிட்டுப் போக மாட்டேன். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாய் நக்கும், மாடு குடிக்கும், குழந்தையும் குடிக்கும். உடம்புக்குள்ள அது ஆக்ஸாலிக் அமிலமா மாறி, சிறுநீரகத்துல படிகமாப் படிஞ்சு அதைச் செயலிழக்க வைக்கும். 2025-ல மத்தியப் பிரதேசத்துல குழந்தைகள் உயிரைப் பறிச்ச இருமல் மருந்துல இருந்த டைஎத்திலீன் கிளைக்கால் இதோட நெருங்கின சொந்தம். யாராவது குடிச்சுட்டா அறிகுறி வரட்டும்னு காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரி, கையோட கூலன்ட் கேன்.

அதனால கூல்டிரிங்க்ஸ் பாட்டில்லயோ வாட்டர் கேன்லயோ ஊத்தி வைக்கவே வைக்காதீங்க. கூலன்ட் வந்த கேன், இல்ல பெயர் எழுதின வேற கேன். ஃப்ளஷ் செய்றவங்க கவனிங்க, 6 லிட்டர் பழசும் 18 லிட்டர் ஃப்ளஷ் தண்ணியும் சேர்ந்து 24 லிட்டர். ரெண்டு பெரிய கேன் முன்னாடியே தயாரா இருக்கணும். சாக்கடையில ஊத்தினா விருத்தாசலத்துல அது போய்ச் சேர்ற இடம் மணிமுத்தாறு. பழைய ஆயில் எடுக்கிற வொர்க்‌ஷாப்ல இதையும் எடுத்துக்குவீங்களான்னு வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுக்குங்க. ஆயிலோட கலந்துட்டா ரெண்டையும் வாங்க மாட்டாங்க.

மீறி தரையில சிந்திட்டா தண்ணி அடிச்சுக் கழுவாதீங்க, அது பரவத்தான் செய்யும். மணலோ மரத்தூளோ போட்டு உறிஞ்சவிட்டு அள்ளுங்க. விருத்தாசலத்துல ஒரு வசதி, பீங்கான் பட்டறையில கிளேஸ் போடாம ஒரு தடவை சுட்டு உடைஞ்ச சில்லு கிடைச்சா அது நல்லா உறிஞ்சும். நுணுக்கும்போது மட்டும் மாஸ்க் போடுங்க, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

ஊத்தி முடிச்சதும் மேனுவல்ல சொன்னபடி காத்தை வெளியேத்திட்டு, மறுநாள் காலையில ஆறின இன்ஜின்ல லெவல் பாருங்க. கொஞ்சம் இறங்கியிருந்தா டாப்-அப் பண்ணிக்கலாம், உள்ள இருந்த காத்து வெளியே வந்திருக்கு. ஓடோமீட்டர் ரீடிங், தேதி, ஊத்தின அளவு மூணையும் போன்ல எழுதி வெச்சுக்குங்க. ஒரு வாரம் கழிச்சும் லெவல் இறங்கிக்கிட்டே இருந்தா ஊத்திக்கிட்டே இருக்காதீங்க. எங்கேயோ கசியுது. வொர்க்‌ஷாப்ல பிரஷர் டெஸ்ட் மட்டும் செஞ்சு கொடுங்கன்னு கேளுங்க, வேற எதையும் கழட்ட விடாதீங்க.