வைரஸ் செல்லை விட்டு எப்படி வெளியே வருது?

போன மாசம் ஒரு லிசனர்கிட்ட இருந்து மெயில் வந்துச்சு. பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. "எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. தினமும் ஒரு மாத்திரை போடுறேன். ரெண்டு வருஷமா வைரல் லோடு டெஸ்ட்ல 'கண்டறிய முடியாத அளவு'ன்னுதான் வருது. அப்போ உடம்புல வைரஸே இல்லையே, இன்னும் எதுக்கு மாத்திரை?"

நியாயமான கேள்வி. டாக்டரைக் கேட்டா "நிறுத்தவே கூடாது"ன்னு ஒரு வரியில முடிச்சிடுவாங்க. அது சரியான பதிலும்கூட. நான் டாக்டர் இல்ல, கோட் எழுதுறவன். ஆனா ஏன்னு புரிஞ்சா அந்த ஒரு வரி மனசுல நிக்கும்னு தோணுச்சு. அதுக்கு, ஒரு செல்லுக்குள்ள புது வைரஸ் எப்படி உருவாகி வெளியே வருதுன்னு பார்க்கணும்.

எச்.ஐ.வி. ஒரு ரெட்ரோவைரஸ். ஆர்.என்.ஏ.வா உள்ள வரும், தன்னை டி.என்.ஏ.வா மாத்தி எழுதும், நம்ம செல்லோட டி.என்.ஏ.வுக்குள்ளேயே அதைச் செருகிடும். மெயின் பிராஞ்சுல மெர்ஜ் ஆயிட்ட கமிட் மாதிரி. ரிவர்ட் பண்ற கமாண்ட் இதுவரைக்கும் நம்மகிட்ட இல்ல. செல் அதைத் தன்னோட கோடுன்னே நினைச்சு ரன் பண்ணும்.

அப்படி ரன் பண்றப்போ நிறைய உருவாகுற புரதத்தோட பேர் கேக். சாப்பிடுற கேக் இல்ல. வைரஸோட உடம்பைக் கட்டுற செங்கல்னு வச்சுக்கலாம். ஒரு துகளுக்கு ஏறக்குறைய 2,500 கேக் வேணும். இத்தனையையும் யார் அடுக்குறது? யாரும் இல்ல.

இதை நான் மரக்காணத்துல எங்க வீட்டு மாடியில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். ஈ.சி.ஆர்.ல பாண்டிக்குப் போறப்போ வெள்ளை வெள்ளையாக் குவிச்சு வச்சிருப்பாங்களே, அந்த உப்பளம்தான் எங்க ஊர். பாத்தியில உப்புத் தண்ணியை விட்டு வெயில்ல காய விடுவாங்க. அடர்த்தி ஏறிக்கிட்டே இருக்கும், கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. போமே அளவுல 25 டிகிரி பக்கம் போனதும் உப்பு தானா பரல் பிடிக்க ஆரம்பிக்கும். ஒவ்வொரு பரலையும் யாரும் உட்கார்ந்து செதுக்கறது இல்ல.

கேக்கும் அப்படித்தான். செல்லுக்குள்ள சிதறிக் கிடக்கிற வரைக்கும் ஒண்ணும் நடக்காது. அதோட ஒரு நுனியில ஒரு கொழுப்பு வால் இருக்கு. அது செல் சவ்வோட உள்பக்கத்துல போய்க் குத்திக்கும். இன்னொரு பக்கம் வைரஸோட ஆர்.என்.ஏ.வைப் பிடிச்சுக்கும். செல்லுக்குள்ள கிடக்கிற ஆயிரக்கணக்கான ஆர்.என்.ஏ.க்கு நடுவுல தன்னோடதை மட்டும் அடையாளம் பார்த்து ரெண்டு பிரதி எடுத்துக்கும். சவ்வுல கூட்டம் சேர்ந்து அடர்த்தி ஏறினதும், நடுப் பகுதிகள் ஆறு ஆறாக் கோர்த்துக்கும். அந்தத் தேன்கூடு வளைஞ்சு வளைஞ்சு, சவ்வை வெளிப்பக்கமா பூரி மாதிரி உப்ப வைக்கும். சில நிமிஷ வேலைதான். அகலம் சுமார் 120 நானோமீட்டர். ஒரு தலைமுடியோட தடிமன்ல ஐந்நூறை வரிசையா வைக்கலாம்.

ஆனா உப்பு தானா விளையுமே தவிர, தானா கரை ஏறாது. ஆள் இறங்கிப் பலகையால வாரணும். வைரஸுக்கும் அதே சிக்கல். பூரி உப்பிடுச்சு, கழுத்து இன்னும் செல்லோட ஒட்டிக்கிட்டு இருக்கு. அதை அறுக்கிற கத்திரி வைரஸ்கிட்ட கிடையாது.

கத்திரி நம்ம செல்லோடது. எஸ்கார்ட்னு ஒரு புரதக் குழு. ஒரு செல் ரெண்டாப் பிரியுறப்போ கடைசி இழையை அறுக்கிற வேலையும் இதுதான் செய்யுது. கேக்கோட வால்ல பி, டி, ஏ, பின்னு நாலு அமினோ அமிலம் இருக்கு. ஏ.பி.ஐ. கீ மாதிரி. அதைக் காட்டினா எஸ்கார்ட் குழுவுல ஒண்ணான டி.எஸ்.ஜி.101 வந்து நிக்கும், பின்னாடியே மத்ததும் வரும், கழுத்தைச் சுருக்கி அறுத்துவிடும். இது 2001ல தெரிய வந்துச்சு. அந்த நாலு எழுத்தைக் கெடுத்துட்டா, முழுசா உருவான துகள்கள் செல் மேலேயே காய்ச்சுத் தொங்குறதை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பார்க்கலாம். அப்போ அந்தக் கத்திரியையே பிடுங்கிடலாமேன்னு கேட்பீங்க. அது நமக்கும் வேணுமே.

வெளியே வந்தாலும் துகள் இன்னும் பச்சைக் காய்தான். பழுக்கணும்னா கேக்கைக் குறிப்பிட்ட இடங்கள்ல வெட்டுற புரோட்டியேஸ்னு ஒரு என்ஸைம் வேணும். இது எப்படி உருவாகுதுங்கறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. கேக்கை எழுதுற ரைபோசோம் ஏறக்குறைய இருபதுல ஒரு தடவை ஒரே ஒரு எழுத்து பின்னாடி வழுக்கும். அப்படி வழுக்கினாத்தான் புரோட்டியேஸ் சேர்ந்த நீளமான புரதம் கிடைக்கும். ஆஃப்-பை-ஒன் எரர். நாங்க அதுக்காக ராத்திரி கண் முழிப்போம், இது அதையே ஃபீச்சரா வச்சிருக்கு.

வெட்டின துண்டுகள் மறுபடி கோர்த்து, கூம்பு மாதிரி ஒரு உறை ஆகும். சுமார் 250 அறுகோணம், சரியா 12 ஐங்கோணம். கால்பந்துலயும் ஐங்கோணம் 12தான், எண்ணிப் பாருங்க. புரோட்டியேஸை அடைச்சுட்டா துகள் வெளியே வரும், ஆனா செல்லாக்காசு, யாரையும் தொத்தாது. 1995 டிசம்பர்ல அமெரிக்காவுல அனுமதி வாங்கின சாக்வினாவிர்ல ஆரம்பிச்ச மருந்து வரிசை இதைத்தான் செய்யுது.

இந்த வைரஸ் புரதங்களுக்கு எதிரா நம்ம உடம்பு ஆன்டிபாடி உண்டாக்கும். அதை வச்சுத்தான் 1986ல, சென்னை மருத்துவக் கல்லூரியில டாக்டர் சுனிதி சாலமனும் அவங்க மாணவி நிர்மலாவும் இந்தியாவோட முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடிச்சாங்க. நிர்மலா சேகரிச்ச ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.யில சோதிச்சப்போ ஆறு மஞ்சளா மாறுச்சு. அப்போ குடுக்க மருந்து இல்ல. அரசாங்கம் இலவசமா மாத்திரை குடுக்க ஆரம்பிச்சது 2004 ஏப்ரல் 1ல. முதல் எட்டு மையங்கள்ல தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனையும் ஒண்ணு.

இப்போ மெயிலுக்கு வர்றேன். இன்னிக்குப் பெரும்பாலானவங்களுக்குக் குடுக்கிற மாத்திரையில டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர்னு மூணு மருந்து இருக்கு. மூணுமே நான் இவ்வளவு நேரம் சொன்ன வெளியேறுற வேலையைத் தொடுறது இல்ல. புதுசா ஒரு செல்லோட டி.என்.ஏ.வுக்குள்ள வைரஸ் நுழையறதைத்தான் தடுக்குது. ஏற்கெனவே துகள் கட்டிக்கிட்டு இருக்கிற செல்கள் பெரும்பாலும் சில நாள்ல செத்துடும். புதுசா ஆள் சேரல, அதனால எண்ணிக்கை விழுது.

ஆனா சில டி செல்கள் அந்தக் கோடை வச்சுக்கிட்டே தூங்கும். கேக் தயாரிக்காது, அதனால உடம்போட காவலும் அதைக் கண்டுபிடிக்காது. வைரல் லோடு டெஸ்ட் எண்ணுறது ரத்தத்துல மிதக்கிற, வெளியே வந்துட்ட துகளை மட்டும்தான். கரையில உப்புக் குவியல் இல்லைன்னா இன்னிக்கு யாரும் வாரலைன்னு அர்த்தம். பாத்தி இல்லைன்னு அர்த்தமில்ல. தூங்குற செல்கள்ல சிலது அப்பப்போ முழிக்கும், துகளை வெளியே விடும். மாத்திரை இருந்தா அந்தத் துகள் அடுத்த செல்லுல நிலைக்க முடியாது. நிறுத்தினா, பெரும்பாலானவங்களுக்குச் சில வாரத்துக்குள்ளேயே எண்ணிக்கை திரும்ப ஏறிடும்.

அந்த டெஸ்ட் ரிசல்ட்டை ஒண்ணுமில்லாததா நினைச்சுடாதீங்க. மாத்திரையை விடாமப் போட்டு அந்த அளவுலேயே இருக்கிற வரைக்கும் உடலுறவு மூலமா துணைக்குத் தொற்று போகாது. நீங்க மெயிலோட கடைசி வரியில தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தீங்களே, கல்யாணம் பண்ணிக்கலாமான்னு. அவங்ககிட்ட விஷயத்தைச் சொல்லிட்டு, ரெண்டு பேருமா டாக்டரைப் போய்ப் பாருங்க. தாராளமாப் பண்ணிக்கலாம்.